குரல் வராத மூன்று செக்கன்

அந்த பிளேன் இறங்கவில்லை. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

காலை பத்து மணி கடந்திருக்கும். தெல்லிப்பழைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் அம்மாவும் நானும் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற பிளேன் எங்கள் தலைக்கு மேலால்தான் இறங்கும். அம்மா இப்போதெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கும் அது சில்லுகளை நீட்டிக்கொண்டு பனைகளைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து வந்தது. பிறகு சத்தம் மாறியது. இரைச்சல் இரண்டு மடங்காகி, பிளேன் மூக்கை உயர்த்திக்கொண்டு அப்படியே மேலே ஏறிப் போய்விட்டது.

"ஐயோ, என்ன பிள்ளை நடந்தது?" என்று அம்மா எழும்பி நின்றா.

மண் அப்பிய கையோடு போனை எடுத்தேன். வானத்தில் போகிற பிளேன்களை மஞ்சள் புள்ளிகளாகக் காட்டுகிற ஒரு அப் என்னிடம் இருந்தது. புள்ளி கடலுக்கு மேலே போனது, இடப்பக்கம் திரும்பியது, ஒரு பெரிய வட்டம் கீறிக்கொண்டு மறுபடி வந்தது. இரண்டாம் முறை ஒழுங்காக இறங்கியது. ஏன் திரும்பியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓடுபாதையில் நாயோ, காற்றோ, வேறு எதுவோ. பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை.

ஆனால் நான் வாய்க்கால் வரம்பில் குந்திவிட்டேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் யாரோ ஒருவர் எதையோ பார்த்திருக்கிறார், கண் இமைக்கிற நேரத்துக்குள் முடிவெடுத்திருக்கிறார், வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். அந்த ஆள் நானாக இருக்கலாமே! அந்த எண்ணம் உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஏறியது. அடுத்த மூச்சில் இறங்கியும் விட்டது. ஏனென்றால் என்னைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

அதைச் சொல்வதென்றால் எங்கள் வீட்டுப் பகிடி ஒன்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் கிணற்றடியில் ஒரு பழைய இறைப்பு மெசின் இருக்கிறது. எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு பெல்ட் ஓடும். அதற்கு மூடி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அண்ணை அந்தப் பெல்ட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கதைத்துக்கொண்டு நின்றார். இடுப்பில் மடித்துக் கட்டியிருந்த சாரத்தின் ஒரு தலைப்பு அவிழ்ந்து காற்றில் ஆடியது. நான் மண்வெட்டியோடு எதிரே நின்றேன். தலைப்பு பெல்ட்டை நோக்கிப் போனது, திரும்பியது, மறுபடி போனது. எல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது: துணி, பெல்ட், அதற்கு ஒரு சாண் தள்ளி அண்ணையின் கால். வாயைத் திறந்தேன். "சாரம்" என்பதா, "நில்" என்பதா, "விலகு" என்பதா? மூன்று சொல்லும் ஒன்றாக ஓடிவந்து ஒரே வாசலில் இடித்துக்கொண்டு நின்றன. ஒன்றுமே வெளியே வரவில்லை.

பெல்ட் சாரத்தைப் பிடித்தது. நல்ல காலம், முடிச்சு தளர்வு. சாரம் போனது, அண்ணை மிஞ்சினார். உள்காற்சட்டையோடு, போனைக் காதில் வைத்தபடியே. மெசின் துணியை விழுங்கி, இருமி, நின்றுபோனது. சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தா.

அதன் பிறகு கலியாண வீடா, சாமத்திய வீடா, அண்ணை இந்தக் கதையைச் சொல்லாமல் எழும்பமாட்டார். "மானம் போச்சுது, கால் மிஞ்சிச்சுது" என்று தொடங்குவார். கடைசியில் என்னைக் காட்டுவார். "இவள் நிண்ட நிலையை நீங்கள் பாத்திருக்கோணும். படம் பாக்கிற மாதிரி வாயைத் துறந்துகொண்டு நிண்டவள்!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சாரம் போன அதிர்ச்சியில் நான் வாய் திறந்து நின்றதாக அவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே என் வாய் திறந்துதான் இருந்தது. மூன்று செக்கன். மனசுக்குள் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், மூன்றுக்குக் குறையவில்லை.

இப்படிப்பட்ட ஒருத்திக்குத்தான் விமானங்களுக்கு வழி சொல்ல ஆசை வந்தது. பட்டப் படிப்பு முடித்து வீட்டில் இருந்த காலம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற விளம்பரத்தைக் கண்டதும் அன்றைக்கே விண்ணப்பித்தேன்.

"கொரியன் மூண்டு மாசம் படிச்சாய். வயலின் ரெண்டு மாசம். இப்ப பிளேன் ஓட்டப் போறியோ?" என்றார் அண்ணை.

"ஓட்டுறேல்லை அண்ணை. ஓட்டுறவைக்குச் சொல்லுறது. எப்ப இறங்கிறது, எவ்வளவு உயரத்திலை நிக்கிறது எண்டு."

"நீயோ? உன்ரை சொல்லை எங்கடை ஆடே கேக்கிறேல்லை."

"அவளைக் குழப்பாதை. அரசாங்க வேலையோ பிள்ளை?" என்று அம்மா கேட்டா.

"அது மாதிரித்தான் அம்மா."

"அப்ப நல்லது. போ."

நான் எதைத் தொடங்கினாலும் வெறிபிடித்துப் படிப்பேன். இதற்கும் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். கணக்குத் திறமையை ஆள் எடுக்கிறவர்கள் பெரிதாகத் தேடவில்லை. வானத்தில் எது எங்கே நிற்கிறது என்ற படத்தைத் தலைக்குள் கலையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு காதில் ஒருவர் கதைக்க, கை எழுத, கண் திரையில் நிற்க, அந்தப் படம் அசையக்கூடாது. எதிர்பாராதது நடக்கும்போது குரல் வரவேண்டும், அதுவும் நடுங்காமல் வரவேண்டும். திறமைசாலிகளிலும் சிலர் அந்த நேரத்தில் உறைந்துபோவார்களாம். விமானிகளைத் தெரிவுசெய்யும்போதும் இதைத்தான் பார்க்கிறார்களாம். அந்தப் பந்தியை வாசித்தபோது போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன், அது என்னைப் பார்த்துவிடும் என்பது போல.

எங்கள் ஊரில் பரீட்சை என்றால் பாடத்தைத் தேடுவதற்கு முன் வகுப்பைத் தேடுவோம். யாழ்ப்பாண நகரத்தில், தகரக் கொட்டகை ஒன்றில், நுண்ணறிவுப் பாடம் படிப்பிக்கிற சேர் ஒருவர் இருந்தார். அரச வேலைப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதில் பெயர் பெற்றவர். இந்தத் தேர்வுக்கு மட்டும் அவரிடம் கடந்தகால வினாத்தாள் இல்லை. ஆனால் ரியூசன் சேர் ஒருவர் தெரியாது என்று சொல்லலாமா? எங்கிருந்தோ ஆளுமைத் தேர்வின் மாதிரிப் படிவம் ஒன்றை எடுத்து, அதற்குப் புள்ளித்திட்டமும் தானே செய்துவிட்டார்.

"ஒவ்வொரு வசனத்துக்கும் அஞ்சு பெட்டி இருக்கும்," என்றார். "முதலாவது கொஞ்சமும் உடன்படேல்லை, கடைசி முழுக்க உடன்படுறன். நல்ல வசனம் எண்டால் கடைசிப் பெட்டி. கூடாத வசனம் எண்டால் முதல் பெட்டி. நடுவிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. விளங்குதோ?"

அரியாலையில் இருந்து வருகிற என் சிநேகிதி கையை உயர்த்தினாள். "சேர், 'நான் ஒருநாளும் கோவப்பட்டதில்லை' எண்டு வந்தால்?"

"அது நல்ல வசனமோ, கூடாத வசனமோ?"

"நல்லது சேர். ஆனால் பொய்."

"பொய்யோ மெய்யோ எண்டு கேக்கேல்லை. எந்தப் பெட்டி எண்டு கேட்டனான்."

கொட்டகை சிரித்தது. நாங்கள் பாடமாக்கினோம். 'ஆபத்தைக் கண்டவுடன் தயங்காமல் செயற்படுவேன்' என்ற வசனத்துக்கு வீட்டில் எத்தனை முறை கடைசிப் பெட்டியில் கீறிப் பழகினேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் பெல்ட்டின் சத்தம் காதுக்குள் கேட்டது. பழகப் பழகச் சத்தம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

எங்கள் வகுப்பிலிருந்து ஐந்து பேர் கொழும்புக்குப் போனோம். தேர்வு அறையின் ஏசிக் குளிரில் உடம்பு விறைத்தது. கொம்பியூட்டர்கள் வரிசையாக இருந்தன. பின்வரிசையில் விமானிப் பயிற்சிக்கு வந்தவர்கள். ஹெட்போனில் ஒரு குரல் இலக்கங்களைச் சொல்லிக்கொண்டு போகும், கடைசி இரண்டை மட்டும் கூட்டி விடையை அழுத்தவேண்டும். அதே நேரம் திரையில் நாலு நிறப் பந்துகள் ஓடும். இரண்டு பந்துகள் முட்டப்போகின்றன என்று தெரிந்தால், முட்டுவதற்கு முன் ஒரு பொத்தானைத் தட்டவேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது திருவிழா. இலக்கங்கள் ஒரு பக்கம் ஓட, பந்துகள் இனி எங்கே இருக்கும் என்பது கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. சிவப்பும் நீலமும் நெருங்க விரல் தானாகத் தட்டியது. விரல் உறையவில்லை! ஒரு நிமிடம் எழும்பித் துள்ளலாம் போல இருந்தது. பிறகு நினைவு வந்தது. அன்றைக்குக் கிணற்றடியிலும் கை நன்றாகத்தான் இருந்தது. குரல்தான் வரவில்லை.

கடைசியில் பேனாவும், கடதாசியில் அந்த ஐந்து பெட்டிப் படிவமும் தந்தார்கள். தந்த நேரத்தில் பாதிக்குள் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மின்னஞ்சல் வந்தது. ஆற்றல் தேர்வில் சித்தியடைந்துவிட்டேன். அடுத்ததாக உளவியலாளரைச் சந்திக்க வரவேண்டும். அம்மா அயல் முழுக்கச் சொல்லிவிட்டா. அந்த மூன்று செக்கனைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். அந்தப் பயம் ஓரிரு நாள்தான். மூன்றாம் நாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது வேறொரு பயம் வந்தது. கண்டுபிடிக்காவிட்டால்? அந்தக் கதிரையில் என்னை உண்மையாகவே இருத்திவிட்டால்? இரண்டு பிளேன் ஒரே உயரத்தில் வர, எல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிய, என் வாய் மட்டும் திறந்தபடி நின்றால்? அவற்றில் ஒன்றில் எங்கள் சித்தி சென்னையிலிருந்து சேலைப் பெட்டியோடு வந்துகொண்டிருப்பா. யன்னலால் எங்கள் தோட்டத்தைத் தேடிக்கொண்டிருப்பா. துருவலையிலிருந்து கையை எடுத்தேன். விரலில் இரத்தம்.

அதுவரை தோற்பதற்குப் பயந்தவள், அன்றிலிருந்து வெல்வதற்குப் பயந்தேன்.

உளவியலாளர் கொழும்புத் தமிழ் கதைக்கிற பெண். மேசையில் ஐந்து படிவங்கள் கிடந்தன.

"உங்க ஊர்ல இருந்து அஞ்சு பேர் வந்தீங்க," என்றார். "அஞ்சு பேருக்கும் கோபமே வராது. அஞ்சு பேரும் வாழ்க்கையில ஒரு இடத்துக்கும் லேட்டா போனதில்ல. யாழ்ப்பாணத்துல பஸ்கூட லேட் ஆகாதா?"

"பஸ் பிந்தும் மிஸ்."

"நீங்க?"

"நானும் பிந்துவன்."

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. எந்த மனிதராலும் உண்மையாகக் கடைசிப் பெட்டியில் கீற முடியாத வசனங்கள் சில அந்தப் படிவத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தனவாம். ஐந்து பேரும் அத்தனையிலும் கீறியிருந்தோம்.

"இத வச்சு உங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியல்ல. நல்லதும் தெரியல்ல, கெட்டதும் தெரியல்ல. மூணு கிழமையில திரும்ப வாங்க. புதுசா நிரப்புங்க. அன்னைக்கே குரல் பயிற்சியும் இருக்கு. திரையில பிளேன் ஓடும், நீங்க பேசணும்." பிறகு என் படிவத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். "மற்ற எல்லாத்துலயும் மெல்லமா கீறியிருக்கீங்க. இதுல மட்டும் பேப்பர் கிழிஞ்சிருக்கு. ஏன்?"

ஆபத்தைக் கண்டவுடன். அந்த வரி.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சாரம், பெல்ட், அண்ணை, மூன்று செக்கன் எல்லாம் மறுபடி ஒரே வாசலில் வந்து நின்றன.

"பேனா சரியில்லை மிஸ்," என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் கோபமே வராதா என்ற அதே கேள்வி, அதே மூன்று கிழமை. "நான் எங்கடை அம்மாவோடை சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்டனான் எண்டு சொல்லிப்போட்டன்டி. மிஸ்ஸுக்கு நல்ல சந்தோஷம்." அவளால் சொல்ல முடிந்திருக்கிறது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை சேர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு கரும்பலகையைத் துடைத்துப் புதிய புள்ளித்திட்டம் எழுதத் தொடங்கினார். "பத்து வசனத்துக்கு ரெண்டு பிழையை ஒத்துக்கொள்ளுங்கோ. சின்னப் பிழையாப் பாத்து. பஸ்ஸுக்குப் பிந்தினது, தேத்தண்ணியை ஊத்தினது, அப்பிடி." எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். என் பிழை எந்தப் பெட்டியில் அடங்கும்? கொப்பியை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அண்ணை கிணற்றடியில் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உன்ரை சாரம் பெல்ட்டிலை போன கதை..."

"ஓம், அதுக்கென்ன?" சிரிப்பதற்கு ஆயத்தமானார்.

"அது போக முதலே நான் கண்டனான்."

"எதை?"

"தலைப்பு ஆடினதை. பெல்ட்டுக்குக் கிட்டப் போனதை. மூண்டு செக்கன் இருக்கும்."

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் நின்றது, பகிடியின் மிச்சத்தை எதிர்பார்த்து. பிறகு மெல்லப் போனது. "அப்ப ஏன் கத்தேல்லை?"

"வரேல்லை."

"வரேல்லை எண்டால்?"

"வரேல்லை அண்ணை. கத்தத்தான் பாத்தனான்."

அண்ணை தன் காலைப் பார்த்தார். எண்ணெய்ப் போத்தலை மூடினார். திருப்பித் திறந்தார். மூடினார். "அப்ப நீ உந்த வேலைக்குப் போகாதை," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "அம்மாவுக்குச் சொல்லாதை."

அந்தக் கிழமை பண்டத்தரிப்பில் மாமா வீட்டில் ஒரு விருந்து. சாப்பாடு முடிந்ததும் மாமா, "எங்கை, அந்தச் சாரக் கதையை ஒருக்கா எடுத்து விடு பாப்பம்," என்று அண்ணையைக் கேட்டார். அண்ணை, "அது பழசு மாமா," என்று சொல்லிவிட்டு வெங்காய விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் பின்வாங்கியிருக்கலாம். கொரியனையும் வயலினையும் விட்டவளுக்கு இதை விடுவது ஒரு வேலையா? ஆனால் விட்டாலும் அந்த மூன்று செக்கன் என்னோடுதானே இருக்கும். நாளைக்கு அடுப்படியில் வரும், றோட்டில் வரும்.

இணையத்தில் கட்டுப்பாட்டாளர்கள் கதைக்கிற ஒலிப்பதிவுகள் கிடக்கின்றன. முன்பு அவர்களுடைய வேகத்தை ரசிப்பதற்காகக் கேட்பேன். இப்போது பயத்தோடு, ஒரு ஓட்டையைத் தேடுகிற மாதிரிக் கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன். இறங்கு, ஏறு, திரும்பு, நில் என்று என்ன சொல்வதாக இருந்தாலும் அவர்கள் முதலில் சொல்வது அந்த பிளேனின் அழைப்புப் பெயரை. எப்போதும். எவ்வளவு அவசரத்திலும். அதன் பிறகுதான் கட்டளை. கிணற்றடியில் நான் எந்தச் சொல் என்று தேடிக்கொண்டு நின்றேன். தேடத் தேவையில்லாத ஒரு சொல் முன்னாலேயே இருந்திருக்கிறது. "அண்ணை" என்று கூப்பிட்டிருந்தால் அவர் திரும்பியிருப்பார்.

அன்றிலிருந்து வீட்டில் பழகத் தொடங்கினேன். அடுத்து என்ன சொல்வதென்று யோசிக்காமல் முதலில் ஆளைக் கூப்பிடுவது.

"அம்மா!"

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை."

"அண்ணை!"

"எடியேய், உனக்கென்ன விசரோ? குளிக்கிறன்!"

ஒருநாள் பால் பொங்கி வந்தது. "அம்மா!" என்று வந்தது, பிறகு "பால்!" என்று வந்தது. சந்தோஷத்தில் அடுப்பை நிற்பாட்ட மறந்து, பால் ஊற்றுண்டு, ஏச்சும் வாங்கினேன். அதற்கடுத்த நாள் அண்ணை எனக்குப் பின்னால் வந்து வேண்டுமென்றே ஒரு தகரத் தட்டை நிலத்தில் போட்டார். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. போகாதே என்றவர் இப்போது என்னைச் சோதிக்கிறார். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அண்ணை தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

ஒருமுறை வந்தது, ஒருமுறை வரவில்லை. என்னிடம் இருக்கிற கணக்கு இவ்வளவுதான்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போகவேண்டும். முதல் நாளே ரயிலேறி, கொழும்பில் சிநேகிதியின் அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. ஆபத்தைக் கண்டவுடன் என்கிற அந்த வசனத்துக்கு இரண்டாம் பெட்டியில் கீறுவேன்: உடன்படவில்லை. படிவத்தின் அடியில் மேலதிகமாக ஏதாவது சொல்ல இருந்தால் எழுதச் சொல்லி வெறும் இடம் விட்டிருக்கிறார்கள். கிணற்றடியில் நடந்ததை அதில் எழுதப்போகிறேன். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்கு இலகு, அதையும் எழுதுவேன். பிறகு குரல் பயிற்சி. ஹெட்போனைப் போட்டதும் ஏதோ ஒரு நேரத்தில் இரண்டு பிளேன்களை ஒரே உயரத்தில் விடுவார்கள், எப்போது என்று சொல்லமாட்டார்கள். அந்த நேரத்தில் ஒன்றின் பெயரைச் சொல்லி வாயைத் திறந்து பார்ப்பேன். குரல் வரவில்லையென்றால், பயணிகள் இல்லாத அந்தத் திரைக்கு முன்னாலேயே வராமல் போகட்டும், பக்கத்தில் இருந்து சோதிக்கிறவர் அதை எழுதிக்கொள்ளட்டும்.